சேலம், சேர்வராயன் மலைப் பாறைகளில் பச்சைக் கறையும் கறுப்புப் படிவும்: செம்பு, மாங்கனீசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுப் பக்கம் பாறை இடுக்கில் பச்சையாகப் படிந்திருக்கிறது. செம்புத் தாதுவா?

இந்த வட்டாரத்தில் பச்சைக்குக் காரணங்கள் பல. செம்பு அந்த வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். முதலில் பாறைப்பாசி. நகத்தால் சுரண்டினாலே வரும், தண்ணீர் தெளித்தால் நிறம் இன்னும் துலங்கும். அடுத்தது எபிடோட் என்ற கனிமம். பிஸ்தா நிறத்தில் விரிசலை ஒட்டிக் கோடாக ஓடும், கத்தியால் கீற முடியாது. கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதியில் டூனைட் என்ற மக்னீசியம் மிகுந்த பாறை மாறி உண்டான செர்பென்டைன் உண்டு. தொட்டால் சோப்பு போல வழுவழுப்பாக இருக்கும். அதே பகுதியில் நிக்கலோ குரோமியமோ சிறிதளவு கலந்தாலும் வெள்ளைக் கனிமம் பச்சை ஏறிவிடும்.

செம்பின் பச்சையான மாலகைட் வேறு மாதிரி. பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். பாறை முழுக்கப் பரவாமல் வெடிப்புகளின் முகத்தில் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். அதன் அருகிலேயே துருப்பிடித்த பழுப்புத் திட்டு ஒன்று கட்டாயம் தேட வேண்டும். செம்பு பெரும்பாலும் சால்கோபைரைட் என்ற கந்தகக் கனிமத்தில் இருக்கிறது. அதில் இரும்பும் உண்டு. மழைநீரும் காற்றும் பட்டு அது சிதையும்போது இரும்பு அங்கேயே துருவாகத் தங்கும், செம்பு கரைந்து சற்றுத் தள்ளிப் போய்ப் பச்சையாகப் படியும். துரு இல்லாத பச்சையைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

காப்பித் தோட்டத்துப் பாறைகளில் நீலப்பச்சைத் திட்டுகள் இருக்கின்றனவே?

தோட்டத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது மருந்து அடித்த கணக்கை. காப்பி இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் (செம்புச் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைத் தலைமுறைகளாக அடித்து வருகிறார்கள். அரை சதவீதக் கலவை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் மயில்துத்தம். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 127 கிராம், செம்பு. ஆண்டுதோறும் இது இலையிலிருந்து சொட்டி மண்ணிலும் பாறையிலும் இறங்குகிறது. கலவை கலக்கும் தொட்டி, டிரம் வைத்த இடம், பம்பு கழுவிய ஓடைக்கரை ஆகிய இடங்களில் பாறையின் மேல்முகம் நீலம் பூத்துக் கிடக்கும்.

வேறுபாடு காண்பது கடினமில்லை. மருந்துக் கறை வானத்தைப் பார்த்த முகத்தில் மட்டும் இருக்கும். பாறையை உடைத்தால் உள்ளே போகாது. மாலகைட் உள்வெடிப்புகளிலும் இருக்கும். மண்ணில் வேறுபாடு காண இரண்டு ஆழங்களில் மாதிரி எடுங்கள்: மேல் 15 செ.மீ. ஒன்று, 60 செ.மீ.க்குக் கீழே மக்கிய பாறையைத் தொட்டு மற்றொன்று. மருந்துச் செம்பு இலைமக்கோடு ஒட்டிக்கொண்டு மேல் மண்ணிலேயே தங்கிவிடும், ஆழம் போகப் போகச் சட்டெனக் குறையும். பாறையிலிருந்து வந்த செம்பு கீழேயும் அதே அளவிலோ கூடுதலாகவோ இருக்கும். மேல் மண்ணை மட்டும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, செம்பு அதிகம் என்ற அறிக்கையை நம்பிப் பணம் போடுவது இந்த மலையில் எளிதில் நேரக்கூடிய தவறு.

அப்படியானால் சேர்வராயன் மலையில் செம்பே கிடையாதா?

மிகச் சிறிதளவு உண்டு. மலையின் பெரும்பகுதி சார்னோகைட், ஊரில் கருங்கல் என்று சொல்லும் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. அந்த வெப்பத்தில் பாறையிலிருந்த நீர் பெரும்பாலும் வெளியேறிவிடும். நீரோடு கரைந்து ஓடக்கூடிய உலோகங்கள் ஓரிடத்தில் குவியும் வாய்ப்பும் குறையும். ஆனால் சார்னோகைட்டுக்கு நடுவே பட்டை பட்டையாக வரும் கரிய, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறைகளில் இரும்புக் கந்தகக் கனிமங்களான பைரைட், பைரோடைட், அவற்றோடு சால்கோபைரைட் துகள்கள் சிதறிக் கிடக்கும். குவாரியில் புதிதாக வெடித்த கல்லில் மஞ்சள் மின்னலாகத் தெரிவது பெரும்பாலும் இவைதான். பாறைகள் நொறுங்கி நழுவிய வெட்டு மண்டலங்களில் இவை கொஞ்சம் கூடுதலாகச் சேரலாம். சேலம் – ஆத்தூர் தாழ்நிலமே அத்தகைய பெரிய வெட்டு மண்டலம் ஒன்றை ஒட்டி அமைந்ததுதான்.

உயர்வெப்பப் பாறைகளில் தாது சேரவே சேராது என்றும் முடிவுகட்ட முடியாது. விழுப்புரம் மாவட்டப் பகுதியில் மாமண்டூரில் இதே வகைப் பாறைகளில் துத்தநாகம், ஈயம், செம்பு சேர்ந்த கந்தகத் தாது அறியப்பட்டிருக்கிறது. நாட்டில் வெட்டியெடுக்கும் செம்புத் தாது பெரும்பாலும் வருவது மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட், ராஜஸ்தானின் கேத்ரி, ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதிகளிலிருந்து.

பச்சை இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. செம்பும் அதற்கேற்ப நிறைய இருக்காதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய 2,700 கிராம். ஒரு முகம் முழுவதும் 0.1 மி.மீ. தடிமனுக்கு மாலகைட் பூசியிருக்கிறது. கண்ணுக்கு முழுப்பச்சை. அந்தப் பூச்சின் கன அளவு 1 கன செ.மீ., எடை 4 கிராம். மாலகைட்டில் செம்பு 57.5 சதவீதம் என்பதால் அதில் இருப்பது 2.3 கிராம். மொத்தக் கல்லில் இது 0.085 சதவீதம். நம் நாட்டுச் செம்புச் சுரங்கங்களில் தாதுவின் தரம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, அதுவும் கோடிக்கணக்கான டன் அளவில். கை நிறையப் பச்சையாகத் தெரியும் கல்லே அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை.

நிறம் ஒரு துப்பு. அது எங்கிருந்து இறங்கி வந்தது என்று மேட்டை நோக்கிப் போய்ப் பார்ப்பதற்குத்தான் அது உதவும்.

வீட்டிலேயே செம்பைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு, நம்பகமான சோதனை ஆணிச் சோதனை. வேண்டியவை: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பூச்சில்லாத இரும்பு ஆணி, உப்புத்தாள், கண்ணாடிக் குவளை, ரப்பர் கையுறை, கண் கண்ணாடி.

கடையில் வாங்கும் அடர் அமிலம் 35 சதவீதம் என்றால், மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் கூடாது, சூடேறித் தெறித்துவிடும். பச்சைப் பகுதியைச் சுரண்டி அரைத் தேக்கரண்டி தூள் எடுத்து, 20 மி.லி. நீர்த்த அமிலத்தில் போடுங்கள். மாலகைட் நுரைத்துக்கொண்டே கரையும், நீர் பச்சையாகும். நுரை அடங்கும்வரை காத்திருங்கள். அமிலம் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் தூள் போட்டுத் தீர்த்துவிடுவது நல்லது. தெளிந்த நீரை வேறு குவளைக்கு மாற்றி, உப்புத்தாளில் பளபளக்கத் தேய்த்த ஆணியை அதில் பாதி முங்கும்படி நிறுத்துங்கள். செம்பு இருந்தால் சில நிமிடங்களில் முங்கிய பாதியில் செம்பு நிறம் ஏறும். இரும்பு கரைந்து நீருக்குள் போக, செம்பு அதன் இடத்தில் வந்து ஒட்டுகிறது.

சோதனை தவறுவதற்குப் பழக்கமான காரணங்கள் இவை. அமிலம் கடுமையாக இருந்தால் ஆணியே குமிழ் விட்டுக் கரையும், செம்பு ஒட்ட முடியாமல் பொடியாக அடியில் விழும். கால்வனைஸ் ஆணி போட்டால் துத்தநாகப் பூச்சில் கறுத்த பஞ்சு போலப் படியும், நிறம் புரியாது. துருப்பிடித்த ஆணியிலோ எண்ணெய்ப் பசை உள்ள ஆணியிலோ ஒட்டாது. கிரைசோகொல்லா என்ற செம்புச் சிலிகேட் நுரைக்காது. தூளாக்கி வெந்நீர்ப் பாத்திரத்தில் குவளையை வைத்துச் சூடாக்கினால்தான் செம்பை விடும். எனவே நுரைக்கவில்லை என்பதால் மட்டும் கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நுரைத்தாலே மாலகைட் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சேலத்துச் சமவெளியில் சுக்கான்கல் எங்கும் உண்டு, பாறை வெடிப்பில் கால்சைட் இழைகளும் உண்டு. இரண்டும் குளிர்ந்த நீர்த்த அமிலத்திலேயே பொங்கும். எபிடோட்டின் மேல் ஒரு கால்சைட் இழை ஓடினால், பச்சைக் கல் நுரைப்பதாகத் தோன்றும். நுரை எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்பதைக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் ஏறக்குறைய அசையாது. தூளாக்கிச் சூடாக்கினால் நுரைக்கும்.

அம்மோனியா விட்டால் நீலமாகும் என்கிறார்களே?

ஆகும், ஆனால் வெள்ளைக்கல் பகுதியில் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. அமிலக் கரைசலில் அம்மோனியாவைத் தாராளமாக விட்டால் செம்பு அடர்நீலம் காட்டும். நிக்கலும் வெளிர்நீலம் காட்டும். டூனைட் பாறையில் இயல்பாகவே ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நிக்கல் இருக்கும் என்பதால் இங்கே குழப்பம் நிச்சயம். நிக்கலோ ஆணியின் மேல் செந்நிறமாகப் படியாது. அதனால்தான் ஆணிச் சோதனைக்கு முதலிடம். இன்னொன்று, கரைசலில் இரும்பு இருந்தால் பழுப்புக் குழம்பாகத் திரண்டு நீலத்தை மறைக்கும். காப்பி வடிதாளில் வடிகட்டிவிட்டு, வடிந்த நீரின் நிறத்தைப் பாருங்கள்.

கறுப்புப் படிவு மாங்கனீசா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே கறுப்பான கல் என்றால் பலர் மனத்தில் முதலில் வர வேண்டியது இரும்பு. கஞ்சமலை முழுக்க மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் குவார்ட்சும் வரிவரியாக அமைந்த மலை. 1830களில் பரங்கிப்பேட்டையில் நடந்த இரும்பு ஆலைக்கு சேலம் வட்டாரத்துத் தாதுதான் போனது. அதனால் முதல் சோதனை காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் போதும். தூளாக்கிய கல் திரளாக ஒட்டினால் மேக்னடைட். குரோமியத் தாதுவான குரோமைட் மிக லேசாகத்தான் அசையும். மாங்கனீசு ஆக்சைடு ஒட்டாது.

இரண்டாவது, மெருகு போடாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் கோடு இழுப்பது. மாங்கனீசுத் தாதுவான பைரோலுசைட் கரியாகக் கோடு விழும், கைவிரலிலும் கரி ஒட்டும். இன்னொரு மாங்கனீசுத் தாதுவான சைலோமெலேன் வகை கெட்டியாக, பழுப்பேறிய கறுப்புக் கோடு தரும். இரும்புக் கனிமங்களில் ஹெமடைட் செம்பழுப்பு, கோதைட் மஞ்சள் பழுப்பு. குரோமைட் பழுப்பு. கல்லின் மேல்நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இந்தக் கோட்டின் நிறம் பல மடங்கு நம்பத்தக்கது.

மூன்றாவது, மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. சுத்தமாகச் சுரண்டிய தூளில் நாலைந்து சொட்டு விட்டால் மாங்கனீசு டையாக்சைடு சீறிக்கொண்டு பொங்கும். இரும்பு ஆக்சைடு சோம்பலாக ஒன்றிரண்டு குமிழ் விடும். ஆனால் வேர், பாசி, மக்கிய இலை எதுவும் தூளில் இருக்கக் கூடாது. உயிர்ப்பொருளும் பெராக்சைடைப் பொங்க வைக்கும். இந்தச் சோதனை பொய்யாகத் தேறுவது பெரும்பாலும் ஓடைக்கல்லின் மேல்தோலில் செய்யும்போதுதான். கல்லை உடைத்து உட்புறத் தூளை எடுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கறுப்புத் தூளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்காதீர்கள். மாங்கனீசு டையாக்சைடும் அந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

எடையை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையச் சொல்ல முடியும், செலவும் இல்லை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உலர்ந்த கல்லை எடை போடுங்கள். 520 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு முக்கால் பங்கு தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதும் முங்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தராசு 105 காட்டினால், 520-ஐ 105-ஆல் வகுக்க 4.95 வரும். அதுதான் ஒப்படர்த்தி.

குவார்ட்ஸ் 2.65. சார்னோகைட் 2.7-ஐ ஒட்டி. குரோமைட் 4.5 முதல் 4.8. பைரோலுசைட் ஏறக்குறைய 4.7 முதல் 5. மேக்னடைட் 5.2. கல் அடியைத் தொட்டால் எடை முழுவதும் தராசில் இறங்கி எண் எகிறிவிடும். ஓட்டை நிறைந்த கல்லில் காற்று சிக்கி அடர்த்தி குறைந்தது போல் காட்டும். அரைமணி நேரம் ஊற வைத்து, குமிழ்களைத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

வயலில் கறுப்பாக, கனமாக, கண்ணாடிபோல் மினுக்கும் கட்டிகள் கிடைக்கின்றன. மாங்கனீசுத் தாதா?

சேலம் பக்கத்தில் அது பெரும்பாலும் இரும்புக் கிட்டம். பழங்காலத்திலிருந்து இரும்பு உருக்கிய நாடு இது; உலையிலிருந்து வடிந்த கழிவு வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் புதைந்து கிடக்கிறது. உடைத்தால் காற்றுக் குமிழ்க் குழிகள், குழம்பாக ஓடி மடிந்த தடம், சில நேரம் கரித்துண்டின் அச்சு தெரியும். இயற்கைப் பாறை பக்கத்து மண்ணோடு தொடர்ச்சியாக இருக்கும், கிட்டம் குவியலாகத்தான் கிடக்கும். அதைப் பொறுக்கி வீசாமல் கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். தாது இல்லாவிட்டாலும் தொல்லியல் சான்று அது. மண்ணைக் கிளறினால் அந்தச் சான்று போய்விடும்.

கல்லுக்குள் செடி, பெரணி போலக் கறுப்பு உருவம் இருக்கிறது. புதைபடிவமா?

இல்லை. வெடிப்பில் ஊறிய நீர் மாங்கனீசு ஆக்சைடைக் கிளை கிளையாகப் படியவைத்திருக்கிறது. 700 டிகிரி கண்ட பாறையில் இலை மிஞ்சாது. பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் கிளைகளின் மேல் மட்டும் குமிழ் வரும்.

மாங்கனீசு இங்கே எங்கிருந்து வருகிறது?

பூமியின் மேலோட்டில் மாங்கனீசு அரிதான பொருளே அல்ல. சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது. சார்னோகைட்டின் பைராக்சீன், கார்னெட் போன்ற கனிமங்களில் இரும்போடு ஒளிந்து கொஞ்சம் மாங்கனீசு இருக்கும். மழைநீர் பாறையை மக்கவைக்கும்போது காற்றோட்டம் இல்லாத ஆழத்தில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து நீரோடு நகர்கின்றன. காற்று படும் இடத்தை நெருங்கியதும் இரும்பு முதலில் துருவாக விழுந்துவிடும். மாங்கனீசு அவ்வளவு எளிதில் விழாது; இன்னும் கூடுதலாக ஆக்சிஜனும், நீரின் காரத்தன்மை சற்று உயர்வதும் வேண்டும். அதனால் அது இன்னும் தூரம் போய், ஓடைக்கரைக் கல்லின் தோலிலும் வெடிப்பு வாயிலும் கறுப்பாகப் படிகிறது. பாறைச் சரிவில் மேலே செம்பழுப்பு, கீழே கறுப்பு என்று பட்டை பிரிந்திருப்பதைக் கவனித்தால் இந்த வரிசை கண்ணெதிரே தெரியும்.

சேர்வராயன் மலையுச்சிகளில் பாறை மக்கி லேட்டரைட்டும் பாக்சைட்டும் உண்டாகியிருக்கின்றன. ஏற்காட்டுப் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அந்தச் செம்பூராங்கல் போர்வையின் அடிப்பகுதியில் மாங்கனீசுக் கறுப்பு கட்டிகளாகவும் மையாகவும் வருவது இதே காரணத்தால்தான். இது தாதுப் படுகை இல்லை.

பாலாகாட், நாக்பூர் – பண்டாரா, சண்டூர், விஜயநகரம் பகுதிகளின் மாங்கனீசு வேறு பிறப்பு. அங்கே மாங்கனீசு மிகுந்த படிவுகள் ஆதியிலேயே படுகையாக இறங்கியவை. மத்தியப் பிரதேசத்தில் அவை உருமாறி, மாங்கனீசுக் கார்னெட்டும் குவார்ட்சும் சேர்ந்த கோண்டைட் பாறையாக நிற்கின்றன. சேலத்துச் சிவப்புக் கார்னெட் பெரும்பாலும் இரும்புக் கார்னெட். கார்னெட் இருப்பதை மாங்கனீசுக்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

ஒரே இடத்தில் செம்பும் மாங்கனீசும் சேர்ந்து தென்பட்டால் என்ன பொருள்?

இந்தப் பக்கத்திலேயே கவனமாக வாசிக்க வேண்டிய கேள்வி இது. மாங்கனீசு ஆக்சைடின் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, பரப்பும் மிகப் பெரிது. நீரில் வரும் செம்பு, கோபால்ட், நிக்கல் அயனிகளை அது இழுத்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சாதாரண நிலத்தடி நீரில் நுனியளவு செம்பு இருந்தாலும், பல்லாயிரம் ஆண்டுகள் அந்த நீர் ஒரு கறுப்புத் தோலின் மேல் வழிந்தால் தோலில் செம்பு ஏறிவிடும். அதைச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பினால் பக்கத்துப் பாறையைவிடப் பல மடங்கு செம்பு காட்டும். பாறைக்குள் தாது ஏதும் இருக்காது.

ஆழ்கடலில் இதே வேலை பேரளவில் நடக்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையின் அடியில் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளில் செம்பும் நிக்கலும் தலா ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கின்றன. அங்கே 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவிடம் உள்ளது.

அப்படியானால் பொய்யான உயர்வையும் உண்மையான தாதுவின் கசிவையும் எப்படிப் பிரிப்பது? செம்பை மாங்கனீசு அளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஓடை நெடுக எடுத்த பத்துக் கறுப்புத் தோல்களிலும் இந்த விகிதம் ஒரே மாதிரி இருந்தால், செம்பு அதிகம் என்பது மாங்கனீசு அதிகம் என்பதன் நிழல்தான். ஓர் இடத்தில் மட்டும் விகிதம் திடீரென எழுந்து, அதற்குக் கீழே மெல்லக் குறைந்துகொண்டே போனால் அந்த இடத்துக்கு மேற்சரிவில் ஏதோ இருக்கிறது. கோபால்ட்டும் நிக்கலும் கூடவே உயர்ந்தால் கறுப்புத் தோலின் ஒட்டும் குணமும், டூனைட் வகைப் பாறையும் காரணமாக இருக்கலாம். துத்தநாகம், ஈயத்தோடு செம்பும் உயர்ந்தால் கந்தகத் தாதுவை நினைக்கலாம்.

ஓடை மணல் மாதிரியை எப்படி எடுப்பது?

ஓடை வளைவில் உட்புறம் படிந்த நுண்மண்ணை எடுங்கள். ஓரிடத்தில் ஒரே கை அள்ளாமல் 20 மீட்டர் நீளத்தில் ஐந்தாறு இடங்களில் எடுத்துச் சேருங்கள். மொத்தம் ஒரு கிலோ ஈரமண் போதும். நிழலில் உலர்த்தி, 80 மெஷ் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளில் 100 கிராமைக் காகித உறையில் போடுங்கள். பித்தளைச் சல்லடை வேண்டாம். அதன் செம்பும் துத்தநாகமும் மாதிரியில் ஏறும். நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சரி. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

பாலத்துக்கும் ரோட்டுச் சிறுபாலத்துக்கும் மேல்பக்கமாக எடுக்க வேண்டும். தோட்டத்துக்குக் கீழே எடுத்தால் போர்டோ கலவை பேசும். சேலம் நகர ஓடைகளில் எடுப்பதில் பயனே இல்லை. வெள்ளிக் கொலுசுத் தொழிலில் வெள்ளியோடு செம்பு கலக்கிறார்கள். பழைய வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் சுத்தம் செய்யும்போது மிஞ்சுவது நீலநிறச் செம்புக் கரைசல். அப்படிப்பட்ட கழிவு சாக்கடையில் கலந்திருந்தால் மண்ணில் செம்பு கொட்டிக் கிடப்பதாகத்தான் அறிக்கை வரும்.

புவியியல் ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் இப்படி மாதிரி எடுத்து வரைபடமாக்கி வருகிறது. அந்தத் தரவை பூகோஷ் இணையதளத்தில் பதிவுசெய்து பார்க்கலாம். மலை ஏறும் முன் அதைப் பார்த்துவிடுவது நாள்களை மிச்சமாக்கும்.

பாறை மாதிரி எடுப்பதில் எங்கே தவறு நேர்கிறது?

அழகான கல்லைப் பொறுக்குவதில். பச்சை மிகுந்த துண்டை மட்டும் அனுப்பினால் வரும் எண் அந்தத் துண்டைப் பற்றியது மட்டுமே. கறை உள்ள பட்டையின் ஓட்டத்துக்குக் குறுக்காக, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, இடைவிடாமல் ஒரே அளவில் சில்லு எடுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ. பட்டைக்கு இரண்டு பக்கமும் உள்ள வெறும் பாறையிலும் தனித்தனி மாதிரி வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருள் இல்லை. துணிப்பைக்குள் ஒரு எண் சீட்டு, பைமேல் அதே எண். பென்சிலால் எழுதுங்கள், பேனா மழையில் கரையும்.

திசை குறிக்கும்போது காந்த ஊசியை நம்பி ஏமாற வேண்டாம். கஞ்சமலையிலும் மேக்னடைட் வரி ஓடும் மற்ற கரடுகளிலும் ஊசி இழுபடும், செல்போன் திசைகாட்டியும் அப்படித்தான். பாறை வரியில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களின் ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்து, அவற்றை இணைக்கும் கோட்டைத் திசையாகக் கொள்ளுங்கள்.

கையடக்க எக்ஸ்-கதிர் துப்பாக்கியில் மாங்கனீசு அதிகம் காட்டியது. நம்பலாமா?

எந்தக் கல்லில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கருவி நாணயம் அளவு பரப்பின் மேல்தோலைத்தான் படிக்கிறது. கறுப்புத் தோலில் வைத்தால் தோலின் எண்ணே வரும். கருப்பூர்ப் பக்கத்துக் குரோமைட் கல்லில் இன்னொரு சிக்கல். குரோமியத்தின் ஒரு கதிர்க்கோடும் மாங்கனீசின் முதன்மைக் கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் விழுகின்றன. கருவி சரியாகத் திருத்தப்படவில்லை என்றால் குரோமியத்தை மாங்கனீசாக எண்ணிக் காட்டும். கல்லை உடைத்துத் தூளாக்கி, கலந்து, மூன்று முறை வைத்து அளந்த எண்ணைக் கேளுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது என்ன கேட்க வேண்டும்?

செம்பு, மாங்கனீசு மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் வரும். இரும்பு, நிக்கல், கோபால்ட், துத்தநாகம், ஈயம், குரோமியம் சேர்த்துக் கேளுங்கள். கரைக்கும் முறையையும் எழுத்தில் கேளுங்கள்: ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் கந்தகக் கனிமமும் கார்பனேட்டும் கரையும், சிலிகேட் முழுதாகக் கரையாது, குரோமைட் அசையாது. நான்கு அமில முறை சிலிகேட்டையும் உடைக்கும். இரண்டு முறையின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. பத்து மாதிரிக்கு ஒன்று வீதம் அதே மாதிரியின் இரட்டையை வேறு எண்ணிலும், சுத்தமான வெள்ளைக் குவார்ட்ஸ் ஒன்றையும் நடுவில் சொருகிவிடுங்கள். குவார்ட்சில் செம்பு வந்தால், முந்தைய கல்லை அரைத்த பாத்திரத்தைக் கழுவவில்லை என்று பொருள். அறிக்கையில் பி.பி.எம். என்றிருந்தால் 10,000 பி.பி.எம். ஒரு சதவீதம்.

போர்வெல் தண்ணீர் பட்ட இடமெல்லாம் கறுக்கிறது. கீழே மாங்கனீசுத் தாது இருக்குமா?

தாதுவுக்கு இது சான்றில்லை. ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நீரில் கரைந்திருந்த மாங்கனீசு, வெளியே காற்று பட்டதும் கறுப்பாகப் படிகிறது. குடிநீராகப் பயன்படுத்தினால் மட்டும் கவலைப்பட வேண்டும்: இந்தியத் தர நிர்ணயப்படி மாங்கனீசு லிட்டருக்கு 0.1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 0.3 மி.கி. வரை அனுமதி. செம்புக்கு அந்த வரம்புகள் 0.05, 1.5 மி.கி. மாதிரியைப் பிடித்தவுடன் வடிகட்டி, புட்டியில் ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலச் சொட்டை விடாவிட்டால் மாங்கனீசு புட்டிச் சுவரிலேயே படிந்து, அறிக்கையில் குறைவாக வரும்.

என் பட்டா நிலத்தில் கிடைத்தது. தோண்டி விற்கலாமா?

கூடாது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தேடுபணியும் சுரங்கப்பணியும் செய்ய முடியாது. பட்டா அதற்கு உரிமம் ஆகாது. ஒன்றிய அரசு 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பு இருக்கிறது. காப்புக்காட்டில் கல்லை எடுப்பதே குற்றம், அனுமதியில்லாமல் நுழைவதும் அப்படியே. தோட்டமானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஏற்காட்டில் காட்டெருமை தோட்டத்துக்குள்ளேயே மேயும். தனியாக, அந்தி நேரத்தில் ஓடை இறங்காதீர்கள். கைவிட்ட வெள்ளைக்கல் குழிகளின் விளிம்பு உளுத்திருக்கும், ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது.

செம்புக் கல்லில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கிறது என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அரிசியை இழுக்கும் செம்பு என்று ஒன்று இல்லை. சோதனைக் கட்டணம், விஞ்ஞானி வரும் செலவு என்று பணம் பறிக்கும் மோசடி இது. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

உண்மையாகவே ஆணியில் செம்பு ஏறியது, துருத் திட்டும் இருக்கிறது. யாரிடம் போவது?

சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல், சுரங்கத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். சென்னை கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் நகல் அனுப்பலாம். பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் கல்லைக் காட்டிக் கருத்துக் கேட்கலாம். கல்லோடு கொண்டுபோக வேண்டியவை: ஜி.பி.எஸ். புள்ளி, பாறை அமைப்பில் கறை எங்கே இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்று தூரத்திலிருந்தும் ஒன்று அளவுகோல் வைத்துப் பக்கத்திலிருந்தும், பட்டையின் அகலம், அது எத்தனை மீட்டருக்குத் தொடர்கிறது என்ற குறிப்பு. கழுவாத கல் ஒன்றும், உடைத்துப் புதுமுகம் காட்டும் கல் ஒன்றும் இருக்கட்டும். மெழுகோ வார்னிஷோ தடவாதீர்கள்.